அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன், முதுகில் ஊசி போடலாமா?

குடந்தைப்பொண்ணு:
அப்பாவுக்கு 68 வயது. வரும் வியாழன் காலை ஹெர்னியா ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்களாம். "ஆயுசுக்கும் முதுகுவலிதான்" என்று பெரியம்மா சொன்னதிலிருந்து அப்பா மிரண்டு கிடக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததால் குளோபிடோக்ரெல். பீடியும் உண்டு. மயக்க டாக்டரைத் திங்கட்கிழமை பார்க்கிறோம். என்ன கேட்க வேண்டும்?

தியேட்டர் சிஸ்டர்:
தியேட்டரில் மயக்க டாக்டர் பக்கத்திலேயே நின்று ரிட்டயர் ஆனவள் நான். இன்று வெள்ளி. திங்கள் வரை காத்திருக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மாத்திரைப் பெயர்களைச் சொல்லும்மா.

குளோபிடோக்ரெல் ரத்தம் உறைவதைத் தடுக்கிற மாத்திரை. முதுகில் ஊசி போடுவதானால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இல்லையென்றால் ஊசி போன இடத்தில் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். அபூர்வம்தான், வந்தால் கால் செயலிழந்து போகலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இதய டாக்டரும் மயக்க டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். நிறுத்த முடியாதென்றால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் ஹெர்னியா செய்யலாம்.

டாபாகிளிஃப்ளோசினைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். பட்டினி கிடக்கும்போது அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடலாம். சர்க்கரை அளவு சரியாகவே காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

பெரியம்மாவிடம் சொல்லுங்கள்: குத்திய இடம் சில நாள் வலிக்கும், ஆயுசுக்கெல்லாம் வலிக்காது. அப்பா பீடியை இன்றே நிறுத்தட்டும். சளி கட்டி இருமினால் நுரையீரலுக்கும் ஆகாது, தையலுக்கும் ஆகாது.

மணப்பாறைக்காரன்:
என் மனைவிக்கு சிசேரியனுக்கு அப்புறம் உட்கார்ந்தாலே தலைவலி, படுத்தால் போய்விடும். சாதாரணம் என்று விட்டுவிட்டோம். டாக்டரிடம் சொன்ன பிறகுதான் ஊசியால் வந்தது என்று தெரிந்தது.

தியேட்டர் சிஸ்டர்:
ஆமாம், ஊசித்துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் வருவது. இப்போது மெல்லிய ஊசி என்பதால் குறைவு. வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. வந்தால் உடனே சொல்லிவிடுங்கள், வைத்தியம் இருக்கிறது.

குடந்தைப்பொண்ணு:
போன் செய்துவிட்டேன் சிஸ்டர். இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு இன்று மாலையே கூப்பிடுவார்களாம். இன்னொன்று: வியாழன் விடியற்காலை டீ மட்டுமாவது கொடுக்கலாமா? இல்லாவிட்டால் கத்துவார்.

தியேட்டர் சிஸ்டர்:
பால் சேர்ந்த டீ சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பார்கள், ஆனாலும் உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு. தெரியாமல் ஒரு வாய் குடித்திருந்தால்கூட மறைக்காதீர்கள். ஆபரேஷன் நடுவில் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடலாம். பல்செட்டைக் கழற்றிவிடுங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் கால் மரப்பு முழுசாய்த் தெளியும் முன் தனியாக இறங்க விடாதீர்கள். சிறுநீர் போகிறாரா என்றும் கவனியுங்கள், இந்த வயதில் சிலருக்கு அடைத்துக்கொள்ளும்.