சீட்டு தவறாம கெட்டுறேன், வயசு காலத்துக்கு மட்டும் ஏன் சேர மாட்டேங்குது?

குலசேகரம் ரப்பர்:
வயசு 43, ரெண்டு ஏக்கர் ரப்பர், நானேதான் பால் வெட்டுறேன். மாசம் 5000 சீட்டு, எட்டு வருசமா ஒரு தவணை விட்டதில்ல, இலை உதிர்ந்து வெட்டு நிக்கிற மாசத்துல கூட கைமாத்து வாங்கி கெட்டிருக்கேன். ஆனா போஸ்ட் ஆபீஸ்ல பிபிஎஃப்னு ஒரு நீண்ட கால சேமிப்பு கணக்கு தொடங்கி மூணு வருசமாச்சு, வருசத்துக்கு 500 போட்டு கணக்கு நிக்காம பாத்துக்கிறேன், அவ்வளவுதான். ரப்பர் ஷீட்டு வித்த பைசா அந்த வாரமே தீந்துருது. பென்ஷன் இல்லாத ஆளு, நினைச்சா உறக்கம் வரல. இது சோம்பேறித்தனமா?

தக்கலை டீச்சர்:
சோம்பேறி விடியுமுன்ன பால் வெட்ட போக மாட்டான் தம்பி. சீட்டுக்கு ஒரு தேதி இருக்கு, விட்டா இருவது பேரு முகத்துல முழிக்கணும். பிபிஎஃப்ல போடலன்னா யாரு கேக்கா? எனக்கு சம்பளத்துல பிடிச்சிட்டுதான் குடுத்தாங்க, அதனால சேந்துச்சு, எனக்க கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்ல. அமெரிக்காவுல தேலர், பெனார்ட்சின்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க போட்ட திட்டத்த 1998ல ஒரு கம்பெனில செஞ்சு பாத்தாங்க, இப்ப ஒண்ணும் தரண்டாம், இனி சம்பளம் கூடுறப்போ கூடுனதுல கொஞ்சம் பிடிச்சுக்கிறோம்னு. சம்மதிச்சவங்க சேமிப்பு 40 மாசத்துல, சம்பளத்துல 3.5 சதவீதமா இருந்தது 13.6 சதவீதம் ஆச்சு. கைக்கு வர்றது குறையல, அதான் வலிக்கல. ஷீட்டு விலை ஏறுற மாசம் ஏறுனதுல பாதிய போடுங்க, பிபிஎஃப்ல மாசாமாசம் ஒரே தொகைன்னு கட்டாயம் இல்ல, வருசத்துக்கு ஒன்றரை லட்சம் வரை எப்ப வேணா போடலாம்.

கருங்கல் கல்ஃப்:
டீச்சர் சொன்னது சரி, ஆனா விலை இறங்கியே கிடந்தா அண்ணன் என்ன செய்வாரு? எனக்க அம்மா ஒட்டுப்பால், அதான் மரத்துலயும் சிரட்டையிலயும் ஒட்டி காஞ்ச ரப்பர், அத வித்த காச மட்டும் தனியா ஒரு பவுடர் டப்பால போடுவா, வீட்ல அரிசி இல்லன்னாலும் தொட மாட்டா, அது பிள்ளைகளுக்க பீஸுன்னு மனசுல எழுதி வச்சிருந்தா. நகையும் அப்படித்தான், 30 பவுன் இருக்கேன்னு நானும் தைரியமா இருந்தேன், அது முழுக்க மகளுக்க கல்யாணத்துக்குன்னு வீட்டுக்காரி சொன்னப்போதான் எனக்குன்னு ஒண்ணும் இல்லன்னு புரிஞ்சுது. அண்ணே, ஷீட்டு காசு வீட்டுக்கு, ஒட்டுப்பால் காசு உங்களுக்குன்னு பேர் போட்டு பிரிங்க.

குலசேகரம் ரப்பர்:
ஒட்டுப்பால் விசயம் கொள்ளாம், அத இதுவரை சில்லறைன்னுதான் நினைச்சு டீக்கடைலயே விட்டிருக்கேன். பாஸ்புக்க அம்மாகிட்ட குடுத்துட்டேன், ஒட்டுப்பால் சாக்கு ரப்பர் கடைக்கு போன அன்னைக்கு சாயங்காலம் "கெட்டினியா மக்கா"ன்னு கேக்க சொல்லிருக்கேன்.