ஊரடங்கில் எங்கள் துறைத்தலைவர்

முன்னாள் கௌரவ விரிவுரையாளர், காரைக்குடி:

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது எங்கள் துறைத்தலைவருக்கு ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் மிச்சம். கணினியைக் கண்டாலே முகம் சுளிக்கும் அம்மையார். இவர் எங்கே சமாளிக்கப் போகிறார் என்று இளையவர்கள் நாங்கள் பேசிச் சிரித்ததை மறைப்பதற்கில்லை.

இணைய வகுப்பு தொடங்கியது. இரண்டாமாண்டில் 48 பேர். திரையில் 11 பேர். வராதவர்களின் பட்டியலைக் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. அம்மையார் அதை மடித்து வைத்துவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பிள்ளைகளின் பெயர்களை ஊர்வாரியாக எழுதினார். ஆளுக்கு இரண்டு ஊர் பிரித்துக் கொடுத்தார். "போன் போட்டுப் பாடம் நடத்த வேண்டாம், தம்பி. பிள்ளை என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள்."

கேட்ட பிறகுதான் விளங்கியது. புதுவயலில் மூன்று பேர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஆத்தங்குடிப் பையன் அப்பாவின் பட்டறையில் கண்ணாடிமேல் சாயம் ஊற்றித் தரைக்கல் செய்துகொண்டிருந்தான். கானாடுகாத்தான் பெண்ணின் பெற்றோர் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடு ஒன்றுக்குக் காவல். அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி உள்முற்றமான வளவுக்குள் சிக்னல் வராது, வெளித்திண்ணையில்தான் கிடைக்கும். காலை பத்து மணிக்கு அவள் அம்மாவோடு முகப்பைப் பெருக்கிக்கொண்டிருப்பாள்.

வகுப்பு இரவு ஏழு மணிக்கு மாறியது. காணொளியை விட்டுவிட்டுப் பத்து நிமிட ஒலிப்பதிவுகளாக அனுப்பினோம். நாளுக்கு இரண்டு ஜிபி டேட்டா இலவசம் என்று அரசு அறிவித்தது 2021 ஜனவரியில்தான். அதற்கு வெகுநாள் முன்பே எங்கள் ஒலிப்பதிவுகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன.

குறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மதிப்பூதியம் இரண்டு மாதம் நின்றபோது அவர் வாய் திறக்கவில்லை. "எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்பதோடு சரி. பிள்ளைகளுக்காக அத்தனை பேரோடு மல்லுக்கு நின்றவர், எங்களுக்காகக் கல்லூரி முதல்வர் அறைப் படியேறவில்லை. அந்தக் கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

உங்களுக்காவது நோட்டு எழுதும் தலைவர் வாய்த்தார். நான் அப்போது இறுதியாண்டு. தேர்வு உண்டா, இல்லையா என்று ஊரே குழம்பிக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 26-இல் அரியர் தேர்வுகள் ரத்து என்று அரசு அறிவித்தது. எங்களுக்கு அது பொருந்தாது. 28-இல் இறுதிப் பருவத் தேர்வு நடத்தியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் துறைத்தலைவரோ ஜூலையிலிருந்தே "மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்ற ஒரே வாக்கியத்தோடு இருந்தார். பிறகு கைபேசியை அணைத்தும் வைத்துவிட்டார். விடைத்தாளை எப்படி ஸ்கேன் செய்து அனுப்புவது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் துறை அலுவலக உதவியாளர். அந்த அண்ணனுக்கு ஒரு சுற்றறிக்கையும் வந்திருக்காது.

பள்ளத்தூர்ப் பெண்:

நானும் திண்ணையில் உட்கார்ந்து படித்தவள்தான், வேறு கல்லூரி. எங்களுக்கும் இரவு ஏழு மணிதான். கொசு பிடுங்கியெடுக்கும். ஒலிப்பதிவைப் போட்டால் பாடத்துக்கு நடுவே ஆசிரியர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். மூன்றாவது விசிலில் அவரே "ஒரு நிமிடம்" என்று எழுந்து போவார். அதை வெட்டாமலே அனுப்பிவிடுவார்.