அப்டேட்: ரோஸ்ட் பீஃப் எலும்புல சூப் வச்சாச்சு

மிச்சமான ரோஸ்ட் பீஃப் எலும்பை என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தேன்ல, சூப் வைங்கன்னு சொன்னீங்க, வச்சாச்சு, செம்ம டேஸ்ட்! பச்சத்தண்ணில எலும்பு, மிளகு, நசுக்குன பூண்டு, வெங்காயம், பாண்டி பெரிய மார்க்கெட்ல வாங்குன கேரட் எல்லாம் போட்டு சிம்ல மூணு நாலு மணி நேரம், லேசா குமிழி வந்தா போதும், தளதளன்னு கொதிச்சா கொழுப்பு கலந்து கலங்கிடும். வடிகட்டி ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சா மேல கொழுப்பு உறைஞ்சிடும், வழிச்சு எடுத்துடலாம், கீழ ஜெல்லி மாதிரி நிக்கும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க ப்ளீஸ், எலும்புல இருக்குற கொலாஜன்ங்கற புரதம் ஜெலட்டினா மாறுனதுதான் அது, சூடு பண்ணா கரைஞ்சிடும். ரோஸ்ட்லயே உப்பு இருக்கும், அதனால உப்பு கடைசில ருசி பாத்து போடுங்க. பார்லி போடச் சொன்ன அக்காவுக்கு ரொம்ப தேங்க்ஸ், நம்ம பாண்டி பேக்கரி பாகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) கூட இருந்தா ராத்திரிக்கு வேற எதுவும் வேணாம்.