மறு: ‘ஸ்பெருலைட்’ – தமிழில் ‘படிகத்திரளை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் உருகி உறையும்போது, உள்ளே ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் வளரும் நுண்ணிய படிகத் தொகுப்புதான் ‘ஸ்பெருலைட்’ (spherulite). அதற்குத் தமிழ்ச்சொல்லாக இழையில் இதுவரை வந்தவை மூன்று: கோளப்படிகம், படிகக்கோளம், கதிர்ப்படிகம். என் ஓட்டு மூன்றுக்குமே இல்லை. காரணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கோளப்படிகம் பார்த்தவுடன் புரிகிறது. இதை ஏன் மாற்ற வேண்டும்?

பார்த்தவுடன் தப்பாகப் புரிகிறதே, அதுதான் சிக்கல். உருண்டையாக இருக்கும் ஒரு படிகம் என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். பாலிபுரோப்பிலீனில் நாம் பேசும் பொருள் ஒற்றைப் படிகமே அல்ல. மெத்தில் தொகுதிகள் (பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் CH₃ அணுக்கூட்டங்கள்) எல்லாம் ஒரே பக்கம் நிற்கும் மூலக்கூறுச் சங்கிலி, மூன்று அலகுக்கு ஒரு சுற்று எனச் சுருளாகிறது. சுருள்கள் மடிந்து மடிந்து, ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனுள்ள ஏடுகளாகின்றன. (மெத்தில் தாறுமாறாக நின்றால் படிகமே கிடையாது, பிசுபிசுப்பான மெழுகு மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். 1954-இல் இத்தாலிய வேதியியலாளர் நாட்டாவின் குழு இரண்டையும் பிரித்துக் காட்டியதிலிருந்து தொடங்கியதுதான் இந்தக் கதை.) அந்த ஏடுகள் ஒரு கருவிலிருந்து எல்லாப் பக்கமும் கிளைத்து வளர்கின்றன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே ஒழுங்கற்ற சங்கிலிகள். ஓர் ஏட்டில் தொடங்கி அடுத்த ஏட்டுக்குள் போய் நுழையும் சங்கிலிகள்தான் இரண்டையும் பிடித்து வைத்திருக்கின்றன. ஆக, உள்ளே கிட்டத்தட்டப் பாதி படிகமே அல்லாத பகுதி. இதைப் ‘படிகம்’ என்று சொல்லி முடித்துவிட்டால், பிளாஸ்டிக் ஏன் வளைகிறது, ஏன் உடைகிறது என்று விளக்க வரும்போது ஆசிரியர் தன் சொல்லோடேயே மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

படிகக்கோளம் பரவாயில்லை. ஆனால் கோளம்? ஒரு பாலிபுரோப்பிலீன் குருணையை உருக்கிக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக்கி, 130 பாகை செல்சியஸில் நிறுத்தி, குறுக்காக வைத்த முனைவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிப்பான்கள்) நடுவே நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் முழு இருட்டு. அப்புறம் அங்கங்கே வெளிச்சப் புள்ளிகள். ஒவ்வொன்றும் வட்டமாக விரியும், நடுவில் கறுப்புச் சிலுவை தெரியும். பக்கத்து வட்டத்தோடு முட்டியதும் அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் பிறந்தவை என்றால் எல்லை நேர்கோடு, முன்பின் பிறந்தவை என்றால் வளைகோடு. கடைசியில் பார்த்தால் ஒன்றுகூட உருண்டையாக மிஞ்சுவதில்லை.

கதிர்ப்படிகம் வேண்டவே வேண்டாம். எக்ஸ்-கதிர்ப் படிகவியலைப் படிக்கப்போவதும் அதே மாணவர்தான், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்.

என் பரிந்துரை ‘படிகத்திரளை’. வெண்ணெய் திரள்கிறது என்கிறோமே, அந்தத் திரள்தான். திரளை என்பது உருண்டைக்கு உள்ள பழைய சொல். பல சேர்ந்து உருண்டது என்ற தொனி அதில் இருக்கிறது. அச்சுப்பிசகாத கோளமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பார்ப்போம்:

“மெதுவாகக் குளிர்ந்த பாலிபுரோப்பிலீனில் கருக்கள் குறைவு, பெருந்திரளைகள் உருவாகும், 100 மைக்ரானைக்கூடத் தாண்டும். சங்கிலிகளுக்கு நிதானமாக மடிய நேரம் கிடைப்பதால் ஏடு தடிக்கும், விறைப்பு கூடும். ஆனால் படிகத்தில் சேர முடியாத சங்கிலிகள் திரளை எல்லைக்குத் தள்ளப்படும். சுருக்கத்தால் அங்கே நுண்குழிகளும் விழும். அடி பட்டால் விரிசல் அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு ஓடும்.”

“சோடியம் பென்சோயேட் போன்ற கருவூன்றியை (படிகம் வளரக் கருவாக நிற்கும் சேர்க்கைப்பொருளை) சேர்த்தால் சிறுதிரளைகள் ஏராளமாகப் பிறக்கும். சார்பிட்டால் வழிவந்த கருவூன்றிகளில் திரளை இன்னும் நுணுகும். ஒளி சிதறுவது குறைந்து டப்பா தெளிவாகும்.”

மோல்டிங் கடைக்காரருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. உருகல் கூடுதல் வெப்பநிலையிலேயே உறையத் தொடங்குவதால் பொருளை மோல்டிலிருந்து சீக்கிரம் தள்ளலாம்.

‘திரளை’ நன்றாகக் கைகொடுப்பது ஆல்பா, பீட்டா பேச்சில். பாலிபுரோப்பிலீன் எடுக்கும் இரண்டு படிக வடிவங்கள் இவை. ஆல்பா திரளையில் தாய் ஏட்டின்மேல் சேய் ஏடுகள் ஏறத்தாழ 80 பாகைக் கோணத்தில் குறுக்கே முளைத்துப் பின்னிக்கொள்கின்றன. பீட்டா திரளையில் இந்தப் பின்னல் இல்லை. அதனால் விறைப்பு சற்றுக் குறைவு, உருகுநிலையும் 10, 15 பாகை குறைவு. ஆனால் ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவ முடிவதால் அடியை நன்றாகத் தாங்குகிறது. பீட்டாவை இழுத்தால் அது ஆல்பாவாக மாறும், வெளுக்கும், நுண்துளைகள் திறந்துகொள்ளும். இந்தத் துளைகளை வேண்டுமென்றே உண்டாக்கி லித்தியம் மின்கலத்துக்கான பிரிப்புப் படலம் செய்யும் முறையும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், குயினாக்ரிடோன் வகைச் சிவப்பு நிறமி ஒன்று பீட்டாவுக்குக் கருவாகிவிடும். நிறத்துக்காகப் போட்டது இயந்திரப் பண்பையே மாற்றிவிடும்! இங்கே வேறுபாடு முழுக்க ஏடுகள் எப்படித் திரண்டன என்பதில்தான். ‘கோளம்’ இதைக் காட்டாது.

> இலங்கையில் நாங்கள் பளிங்கு என்றுதான் எழுதுகிறோம். ‘படிக’ என்ற முன்னொட்டு எங்களுக்கு ஒட்டாது.

நியாயம். தமிழ்நாட்டில் பளிங்கு என்றால் தரையில் பதிக்கும் கல்தான் நினைவுக்கு வரும். அங்கே பளிங்குத்திரளை, இங்கே படிகத்திரளை என்று இருக்கட்டுமே. கட்டுரையில் முதல் தடவை முழுச்சொல், அதன்பின் இரு பக்கமும் வெறும் ‘திரளை’ போதும். ஆரம், ஆரை என்று வட்டத்தின் பாதி விட்டத்துக்கே இரண்டு வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம், இதைச் சமாளிக்க மாட்டோமா?

மேலே ‘ஏடு’, ‘கருவூன்றி’ என்று நானாகவே எழுதிக்கொண்டு போய்விட்டேன். ஏட்டுக்கு மறுப்பு வராது என்று நினைக்கிறேன். கருவூன்றிக்குப் பதில் கருவாக்கி வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.