புதுப்பிப்பு: மழை மாதத்தில் மாட்டுக்கு எவ்வளவு வைக்கோல்?

மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபாலில் எங்கள் நான்கு காளைகளுக்கு மழை நாட்களில் எவ்வளவு வைக்கோல் போடுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். புல்வெளியில் தண்ணீர் நின்றது. கண்ணளவில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். 'முதலில் எடையைக் கண்டுபிடி தம்பி' என்றார் ஓர் அண்ணன். அவருக்கு நன்றி.

கயிறு பிடித்து அளந்தேன். பெரிய காளைக்கு நெஞ்சுச் சுற்று 158, உடல் நீளம் 130 சென்டிமீட்டர். சுற்றைச் சுற்றாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும்: ஏறக்குறைய 300. பனிநாட்டுக் குளிர்காலத்துக்குச் சொல்லும் கணக்குதான் இங்கும்: ஒரு நாளைக்கு எடையில் 2 முதல் 2.5 விழுக்காடு உலர்தீவனம். அங்கே கடுங்குளிரில் இன்னும் கூட்டுவார்கள், நமக்கு அது வேண்டாம்.

ஆனால் வைக்கோலில் புரதம் சுமார் 4 விழுக்காடுதான். வயிறு நிறையும், சதை பிடிக்காது. சாணம் கட்டிகட்டியாக விழுந்தது. இப்போது அந்தப் பெரிய காளைக்கு நாளுக்கு 5 கிலோ வைக்கோல், 2 கிலோ செம்பனைப் புண்ணாக்கு (எண்ணெய்ப்பனைக் கொட்டையில் எண்ணெய் பிழிந்த சக்கை). புண்ணாக்கை ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டினேன். சாணம் இளகிவிட்டது, விலா எலும்பும் முன்போலத் துருத்தவில்லை.

அப்புறம், தரையை ஒட்டியிருந்த வைக்கோல் கட்டுகள் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டன. மிச்சம் பிடிக்க அதைப் போட்டுவிடாதீர்கள். நான் எறிந்துவிட்டேன்; மீதியைப் பலகைமேல் ஏற்றியாயிற்று.