டெட்லிஃப்ட் 100 கிலோவில் நின்றுவிட்டது

வயது 34, எடை 72 கிலோ, ஊர் மதுரை. டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியை (பார்) நிமிர்ந்து நிற்கும் வரை தூக்கும் பயிற்சி செய்கிறேன். பொங்கலிலிருந்து அது 100 கிலோவைத் தாண்டவில்லை. பார் முழங்கால் வரை வருகிறது; அங்கே வலது கை விரல்கள் தாமாகப் பிரிந்துவிடுகின்றன. முதுகில் வலி இல்லை.

சாக் பவுடர் பூசினேன், ஒரு கையைத் திருப்பிப் பிடித்தேன், 80 கிலோவுக்கு இறக்கி மீண்டும் ஏற்றினேன். பலனில்லை. ஜிம்மில் 450 மி.மீ. விட்டமுள்ள பெரிய தட்டுகள் கிடையாது. சிறிய தட்டுகளோடு பார் தரையை ஒட்டிக் கிடக்கிறது. அதன் சொரசொரப்பும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கட்டை வைத்து உயர்த்தினால் பயிற்சியாளர் முறைக்கிறார்! "ரோமானியன் போதுமே" என்பது அவர் கட்சி; அதாவது பாரைத் தரையில் வைக்காமல், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் இறக்கி ஏற்றும் டெட்லிஃப்ட்.

போட்டி ஆசை எனக்கில்லை. முதுகும் பின்தொடையும் தேறினால் போதும். தரையிலிருந்து தூக்குவதை விட்டுவிட்டு, மணிக்கட்டுப் பட்டையை (பிடி நழுவாமல் பாரில் சுற்றிக்கொள்வது) மாட்டி ரோமானியன் டெட்லிஃப்ட் மட்டும் செய்தால் வலிமையும் தசையும் தொடர்ந்து கூடுமா?