குச்சி வைத்துச் செய்தால் சரியாக வருகிறது, நோட்டில் போட்டால் தப்பாகிறது. வகுப்பில் என்ன விட்டுப்போகிறது?

மூணாங்கிளாஸ்_டீச்சர்:

வணக்கம். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், முப்பதுக்கும் மேல் பிள்ளைகள். கடன் வாங்கிக் கழிப்பதைக் குச்சிக்கட்டு வைத்து நடத்தினேன். பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகள், கொஞ்சம் உதிரிக் குச்சி, நான்கு பேருக்கு ஒரு குழு. 52-லிருந்து 27 எடுக்கச் சொன்னால் ஒரு கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்த்து, அதில் ஏழை எடுத்து, அப்புறம் இரண்டு கட்டை எடுத்து 25 என்று எல்லாக் குழுவும் சொல்லிவிடுகிறது. வகுப்பே கலகலவென்று இருக்கிறது, பெல் அடித்தாலும் குச்சியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்கள். மறுநாள் அதே கணக்கை நோட்டில் போடச் சொன்னால் பாதிப் பேருக்கு மேல் 35 என்று எழுதுகிறார்கள்.

எப்படி வந்தது என்று கேட்டால், "ஏழில் ரெண்டு போனா அஞ்சு, அஞ்சில் ரெண்டு போனா மூணு" என்று தெம்பாகச் சொல்கிறார்கள். கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை.

இந்தச் செயல்பாடே வேண்டாத வேலையா, இல்லை குச்சிக்கும் நோட்டுக்கும் நடுவில் நடக்க வேண்டிய ஏதோ ஒன்று நடக்கவில்லையா? பள்ளியில் சிலர் "குச்சியெல்லாம் ஒன்றாம் வகுப்போடு சரி, போர்டில் பத்துக் கணக்குப் போட்டுக் காட்டினால் தானாக வந்துவிடும்" என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் பிடிவாதம் கிடையாது, பிள்ளைகளுக்கு வந்தால் போதும்.

கட்டும்_உதிரியும்:

டீச்சர், அந்த 35 எல்லா ஊரிலும் வருகிற 35தான். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிடு, எது மேலே எது கீழே என்று பார்க்காதே என்று பிள்ளை தானாக ஒரு விதி வைத்துக்கொள்கிறது. ப்ரவுன், பர்ட்டன் என்ற இரண்டு பேர் 1978-லேயே பிள்ளைகளின் கழித்தல் விடைகளை அலசி, இப்படிப்பட்ட தப்புகள் பல கவனக்குறைவால் வருவதில்லை, பிள்ளை ஒரு தப்பான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன என்று காட்டினார்கள். அதனால் "கவனமாப் போடு" என்று சொல்வதில் பயனே இல்லை. அது கவனமாகத்தான் போட்டிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. குச்சியில் செய்யும்போது பிள்ளை எதை யோசிக்கிறது என்று பாருங்கள். கட்டை அவிழ்ப்பது, எண்ணுவது, பக்கத்துப் பையன் குச்சியைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது. அந்த நேரத்தில் 52 என்ற எண் அதன் கண்முன் எங்கேயுமே இல்லை. மறுநாள் நோட்டில் 52 மட்டும் இருக்கிறது, குச்சி இல்லை. இரண்டும் ஒரே வேலை என்று நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் நமக்குக் கழித்தல் ஏற்கெனவே தெரியும். பிள்ளைக்கு அது குச்சிப் பீரியட், இது கணக்குப் பீரியட்.

அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் வையுங்கள். ஒரு பிள்ளை குச்சியைக் கையாளட்டும், பக்கத்துப் பிள்ளை சிலேட்டில் எழுதட்டும். கட்டு அவிழும் அந்த நொடியிலேயே சிலேட்டில் 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12. எழுதி முடிக்கும்வரை குச்சிக்காரர் அடுத்த வேலையைத் தொடக் கூடாது. அடுத்த கணக்குக்கு ஆளை மாற்றிக்கொள்ளட்டும். முதலில் ரொம்ப மெதுவாகப் போகும், எரிச்சல்கூட வரும், ஆனால் "அடிச்சுட்டு நாலுன்னு எழுதுறோமே, அது இந்தக் கட்டுதான்" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்வதைக் கேட்டால் வேலை நடக்கிறது என்று தெரியும்.

அப்புறம் குச்சியை எடுத்துவிட்டு நேராக எண்ணுக்குத் தாவாதீர்கள். நடுவில் படம் வேண்டும். பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஒரு கோட்டை அடித்து அதற்குப் பதில் பத்துப் புள்ளி போட வேண்டும். உளவியலாளர் ப்ரூனர் 1960-களில் சொன்ன மூன்று படியும் இதுதான்: கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியாக எழுதுவது. பல வகுப்புகளில் முதல் படியும் மூன்றாம் படியும் நடக்கின்றன, நடுப்படியைத்தான் காணோம்.

நேரா_சொல்றேன்:

எல்லோருக்கும் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். குச்சி எண்ணிக் கொடுத்து, சண்டை தீர்த்து, திரும்ப எண்ணி வாங்கி வைப்பதற்குள் பாதிப் பீரியட் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நான் போர்டில் ஒரு கணக்கை வாய்விட்டு யோசித்தபடி முழுசாகப் போட்டுக் காட்டி, அதே மாதிரி இன்னொன்றைப் பாதிவரை போட்டு மீதியைப் பிள்ளைகளிடம் விட்டு, மூன்றாவதை அவர்களையே போடவைத்து, நடந்துபோய் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துவிடுவேன். புதிதாகக் கற்கிற பிள்ளைக்குப் போட்டுக்காட்டிய கணக்கு பெரிய உதவி. "நீயே கண்டுபிடி" என்று விடுவது, ஏற்கெனவே பாதி தெரிந்த பிள்ளைக்குத்தான் சரிப்படும்.

வகுப்பு கலகலவென்று இருப்பதை வைத்துப் படிப்பு நடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அமைதியாக இருப்பதை வைத்தும் முடியாது, அது வேறு விஷயம்.

கட்டும்_உதிரியும்:

நேரா, நீங்கள் சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் ஒத்துப்போகிறேன். போட்டுக்காட்டுவது வேண்டும்தான். ஆனால் போர்டில் நீங்கள் 5-ஐ அடித்து 4 என்று எழுதும்போது, அங்கிருந்து எடுத்த ஒன்று எப்படிப் பக்கத்தில் பத்தாக மாறியது என்று பிள்ளைக்கு எங்கிருந்து தெரியும்? மாண்டிசோரி வகுப்புகளில் தங்கமணி வைத்திருப்பது அதற்குத்தான், ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம். பத்து ஒற்றை மணியைக் கொடுத்தால்தான் ஒரு கம்பி கிடைக்கும் என்பதைக் கை ஒருமுறை பார்த்துவிட்டால், உங்கள் போர்டுக் கணக்குக்கும் பிடிமானம் கிடைக்கும்.

மூணாங்கிளாஸ்_டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. எழுத்தும் குச்சியும் தனித்தனியாகத்தான் நடந்தது, அது புரிகிறது. இன்னொன்றும் கவனித்தேன். நான்கு பேர் குழுவில் ஒருத்திதான் அவிழ்க்கிறாள், ஒருவன் கூட எண்ணுகிறான், மீதி இரண்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். கேட்டால் நால்வரும் "25 மிஸ்" என்று கோரஸாகச் சொல்வார்கள். அப்புறம் சில குழுக்கள் எல்லாக் கட்டையுமே அவிழ்த்துப் பரப்பி 52 குச்சியையும் ஒவ்வொன்றாக எண்ணுகின்றன. விடை சரிதான், ஆனால் அதில் பத்து எங்கே வந்தது?

கடைசி_பெஞ்ச்_கண்ணாடி:

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் டீச்சர், நான்கை இரண்டாக்குங்கள். கழித்தல் மாதிரி விஷயத்துக்கு நான்கு பேருக்கு வேலையே கிடையாது. இரண்டு பேர் என்றால் ஒருவர் குச்சி, ஒருவர் சிலேட், ஒளிய இடமில்லை.

பெரிய குழு வேண்டிய பாடங்கள் வேறு. ஒவ்வொருவர் கையிலும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்க வேண்டும். எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் ஜிக்சா முறை என்று தொடங்கியது அப்படித்தான். ஒரு பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடுவது. ஒவ்வொரு குழுவிலும் அதே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, பிறகு தன் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் குழுவுக்கு அந்தப் பகுதியே கிடைக்காது. தாவரத்தின் பாகங்கள், நீர்ச் சுழற்சி மாதிரி பாடத்துக்கு அருமையாக வரும். 52 − 27 என்பதைத் துண்டு போட முடியாது, எனவே ஜோடி போதும்.

எல்லாக் கட்டையும் அவிழ்ப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: ஒரு கணக்கில் ஒரு கட்டைத்தான் அவிழ்க்கலாம், அவிழ்க்கும் முன் "ஏன் அவிழ்க்கிறேன்" என்று ஜோடிக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் குச்சியே இல்லாமல் ஒரு வேலை கொடுங்கள். போர்டில் 58 − 23, 52 − 27, 40 − 16, 76 − 31 என்று எழுதி, கணக்கைப் போடாமல், எதில் எல்லாம் கட்டை அவிழ்க்க வேண்டிவரும் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவிழ்ப்பதை விட, எப்போது அவிழ்க்க வேண்டும் என்று தெரிவதுதான் கஷ்டம். உங்கள் பிள்ளைகளின் 35 அங்கேதான் பிறக்கிறது.

குச்சி கொடுத்த முதல் சில நிமிடம் எதுவும் சொல்லாமல் விளையாட விட்டுவிடுங்கள், வீடு கட்டட்டும், கத்தி சண்டை மட்டும் வேண்டாம். எப்படியும் விளையாடத்தான் போகிறார்கள், பாடத்துக்கு நடுவில் விளையாடுவதற்கு முன்னால் விளையாடி முடித்துவிட்டால் நமக்கு லாபம்.

ரெண்டு_பிள்ளை_அம்மா:

நான் டீச்சர் இல்லை, வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இன்றைக்கு ஸ்கூலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "குச்சி வச்சு விளையாடினோம்" என்பான் சின்னவன். எதுக்கு என்றால் "சும்மா". அங்கே பாடம் நடந்திருக்கிறது என்பது நோட்டைப் பார்த்தால்தான் எனக்கே தெரியும். செயல்பாடு முடிந்ததும் என்ன செய்தோம், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று பிள்ளைகளை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து அனுப்பினால், வீட்டில் நாங்களும் அந்த நூலைப் பிடித்துக்கொள்வோம்.

சிலேட்டு_சத்தம்:

அம்மா சொன்னதுதான் முக்கியம். பெரும்பாலான செயல்பாடுகள் பெல்லோடு முடிந்துவிடுகின்றன, கடைசிப் பேச்சு நடப்பதே இல்லை. குச்சி எல்லாம் உள்ளே போன பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள். ஒருவன் 35, ஒருத்தி 25 என்று எழுதிய இரண்டு விடையையும் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதிவிட்டு, "இதில் எது சரி என்று குச்சி இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேளுங்கள். யாராவது ஒருவர் கூட்டிப் பார்ப்பார். 35-ஐயும் 27-ஐயும் கூட்டினால் 62, நம்மிடம் இருந்ததே 52தான். அந்த இடத்தில் 35 எழுதியவர்களின் முகத்தைப் பாருங்கள். நாம் தப்பு என்று சொல்வதற்கும் கணக்கே தப்பு என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து கண்டுபிடித்தார். மூன்று நொடியாக்கினால் பதில் நீளமாகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று நொடி கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும், வகுப்பு முன்னால் நின்று பாருங்கள், யுகம் மாதிரி இருக்கும்.

மறுநாள் புதுப்பாடம் தொடங்கும் முன் நேற்றைய மாதிரி ஒரே ஒரு கணக்கு, நோட்டைத் திறக்காமல், சிலேட்டில். மார்க் கிடையாது. எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்டினால் யாருக்கு வரவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திரும்பத் திரும்பப் படிப்பதை விட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் விஷயம் நீண்ட நாள் தங்குகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் இதைக் காட்டினார்கள்.

நேரா_சொல்றேன்:

அது கல்லூரி மாணவர்களை வைத்து, உரைநடைப் பத்தியை வைத்துச் செய்த ஆய்வு. மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் சிலேட் தூக்கிக் காட்டுவதற்கு என் ஓட்டு உண்டு, அதற்கு ஆய்வே வேண்டாம். கோரஸாகப் பதில் சொல்லவைப்பதை விட எவ்வளவோ மேல்.

மூணாங்கிளாஸ்_டீச்சர்:

ஜோடி, சிலேட், கோடு புள்ளி, கடைசி ஐந்து நிமிடம். இதை வைத்துத் தொடங்குகிறேன். அடுத்து வரப்போவது மூன்றிலக்கம், நடுவில் பூஜ்ஜியம் வந்தால் பெரிய பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். 302 − 147 மாதிரி. அங்கே பத்துக்கட்டே இல்லையே, எதை அவிழ்க்கச் சொல்வது? 302 குச்சிக்கு எங்கே போவது என்பது வேறு.

கட்டும்_உதிரியும்:

302 குச்சி வேண்டாம். அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். நூறுக்குப் பெரிய சதுரம், பத்துக்குப் பட்டை, ஒன்றுக்குச் சின்னக் கட்டம், மூன்றும் ஒரே அளவுக்கணக்கில் இருக்க வேண்டும், அதாவது பத்துப் பட்டையை அடுக்கினால் சரியாகச் சதுரம் மூடணும். டீன்ஸ் பிளாக் என்று விற்பது இதைத்தான்.

ஒரு சதுரத்தைக் கொடுத்துவிட்டுப் பத்துப் பட்டை வாங்கட்டும், அதில் ஒரு பட்டையைக் கொடுத்துப் பத்துக் கட்டம் வாங்கட்டும். இப்போது கையில் 2 சதுரம், 9 பட்டை, 12 கட்டம். இதை எழுதிவிட்டால் மிச்சம் சுலபம்: 12-ல் 7 போக 5, 9-ல் 4 போக 5, 2-ல் 1 போக 1, விடை 155. அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதுதான் பிள்ளைகளுக்குப் புதிர், பட்டையை மாற்றிய கைக்கு அது புதிராக இருக்காது.

எழுதும்போது இன்னொரு வழியும் உண்டு. 302-ஐ 30 பத்து, 2 ஒன்று என்று படிக்கச் சொல்லுங்கள். 30 பத்தில் ஒன்றை எடுத்தால் 29 பத்து, 12 ஒன்று. பூஜ்ஜியத்தைத் தாண்டும் வேலையே இல்லை, ஒரே அடியில் முடிந்துவிடும்.

சிலேட்டு_சத்தம்:

கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு மேலே எண்ணிப் போவதும் சொல்லிக்கொடுங்கள். 147-லிருந்து 150-க்கு 3, அங்கிருந்து 300-க்கு 150, அப்புறம் 2, மொத்தம் 155. கடனே இல்லை. ஆனால் முதல் நாளே இரண்டு வழியையும் காட்டாதீர்கள், குழம்பிப்போவார்கள். பட்டை மாற்றுவது கையில் பழகிய பிறகு, போட்ட விடையைச் சரிபார்க்க இதை வைத்துக்கொள்ளட்டும்.

மூணாங்கிளாஸ்_டீச்சர்:

30 பத்து, 2 ஒன்று. இது எனக்கே தோன்றவில்லை. அட்டை வெட்டுவதைக் கைவேலைப் பீரியடில் பிள்ளைகளிடமே விட்டுவிடலாமா, இல்லை அளவு கோணலாகி எல்லாம் வீணாகுமா?

கடைசி_பெஞ்ச்_கண்ணாடி:

கோணலாகும். கட்டம் போட்ட நோட்டுத்தாளை அட்டையில் ஒட்டிக் கொடுத்து, கோட்டின் மேலேயே வெட்டச் சொல்லுங்கள். சின்னக் கட்டங்களை மட்டும் நீங்களே வெட்டிவிடுங்கள், அது எட்டு வயது விரலுக்கு ரொம்பச் சின்னது.